பீங்கான் அக்காவின் ரத்தம்

அந்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பீங்கான் அக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். வீட்டில் அண்ணன் கேலிக்கு வைத்த பேர், எப்படியோ வேலையிடம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. சின்ன வயதில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவளுக்கு ரத்தத்தில் பிளேட்லெட் குறைவு என்று சொல்லிவிட்டார்கள். குறைவு என்றால் கொஞ்சநஞ்சமல்ல, படுபாதாளம். அடிபட்டால் ரத்தம் நிற்காது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அம்மா அதை மனதில் பச்சை குத்திக்கொண்டாள்.

அதோடு அவளுடைய ஓட்டமும் ஆட்டமும் முடிந்தது. சைக்கிள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது இவள் அவர்களுடைய பைகளுக்குக் காவல். வீட்டில் ஒரே ஒரு கத்தி, அதுவும் அம்மாவின் கண்பார்வையில். பென்சில் சீவ அண்ணன், நகம் வெட்ட அம்மா. தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அம்மாதான் நகம் வெட்டிவிடுகிறாள் என்றால் சிரிப்பு வரும். சிரித்துக்கொள்ளுங்கள், அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். எப்போதாவது தப்பித்தவறி எங்காவது கீறிவிட்டால் அம்மா பாய்ந்து வந்து முந்தானையால் அந்த இடத்தை அழுத்திப் பிடிப்பாள். பிடித்தால் பிடித்ததுதான். ஒரு மணி நேரமானாலும் கை எடுக்கமாட்டாள். நடுவில் எடுத்துப் பார்ப்போம் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றினாலும் அம்மாவிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

கல்லூரியில் சேர்ந்த வருடம் வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுத்தார்கள். அதுதான் பிளேட்லெட்டுகளைத் தின்றுவிடுகிறதாம். யார் யாரோ கொடுத்த பிளேட்லெட் பைகளை முதலில் ஏற்றிவிட்டுத்தான் கத்தி வைத்தார்கள். ரத்தம் அதிகம் போகவில்லை. எல்லாப் பெருமையும் பைகளுக்குப் போயிற்று. மண்ணீரலை எடுத்த பிறகும் எண்ணிக்கை இம்மியும் ஏறவில்லை. "சிலருக்கு இப்படித்தான் இருக்கும்" என்று அந்தப் பெரிய டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். மிச்சமானது வயிற்றில் ஒரு நீளத் தழும்பு. கூடவே, மண்ணீரல் இல்லாததால் இனி சாதாரணக் காய்ச்சலைக் கூட அலட்சியம் பண்ணக்கூடாது என்ற புது பயம்.

பயந்ததையே அவள் பிழைப்பாக்கிக்கொண்டாள். ரத்தம் எடுக்கக் கற்றுக்கொண்டாள், கண்ணாடித் துண்டில் அதைத் தேய்த்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அவள் ஊசி குத்தினால் கைக்குழந்தை கூட முகத்தைச் சுளித்துவிட்டு விட்டுவிடும். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருந்தவர் தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு மாடியேறி வருவார். கூடத்தில் எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருந்தது. பெண் கேட்டு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர், என்ன நினைத்தாரோ, திடீரென்று மாடிப்பக்கமே வரவில்லை. அடுத்த வருடம் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். உடைகிற பாத்திரத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து அந்தப் பக்கத்தை மூடிவைத்தாள். பிறகு அவருடைய பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது ரத்தம் எடுத்ததும் இவள்தான்.

இப்போது அந்தக் கூடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு மெஷின் இருக்கிறது. பிளேட்லெட் குறைவு என்று அது சொன்னால் யாரும் உடனே நம்பமாட்டார்கள். ஒரு ஸ்லைடு போட்டு, அவளிடம் கொடுத்து, அவள் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் முடிவு வெளியே போகும். புது ஆளுக்குத்தான் இந்த மரியாதை. பழைய கேஸ் என்று தெரிந்தால் ஸ்லைடு கிடையாது, மெஷின் சொன்னதே வேதவாக்கு. வருடா வருடம் ஊழியர்களுக்கு நடக்கும் பரிசோதனையில் பீங்கான் அக்காவின் குழாய் வரும், மெஷின் அலறும், மெஷின்காரர் அலறலை அமுக்கிவிட்டு அடுத்த குழாயை வைப்பார். அக்காவின் கதைதான் ஊருக்கே தெரியுமே.

இந்த வருடம் புதிதாக ஒரு டாக்டரம்மா பொறுப்புக்கு வந்திருந்தார். கறாரான ஆள். பழசோ புதுசோ, குறைந்தால் ஸ்லைடு போட்டே ஆக வேண்டும் என்று அன்று காலை மெஷின்காரரிடம் சொல்லியிருந்தார். இது அவளுக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஸ்லைடுகள் இருந்த தட்டை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஸ்லைடில் பேர் இருக்காது, எண் மட்டும்தான்.

நாலைந்து பார்த்துத் தள்ளியிருப்பாள். அடுத்ததை வைத்து ஓரத்துக்கு நகர்த்தினாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

பிளேட்லெட் என்பது ரத்தத்தோடு தட்டையாக மிதந்துபோகிற ஒரு துணுக்கு. நாளெல்லாம் வெட்டியாகச் சுற்றும். எங்காவது ரத்தக்குழாய் கிழிந்தால்தான் அதற்கு ரோஷம் வரும். கிழிந்த ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், கைகால் முளைத்தது போல் உருவம் மாறும், மற்றவற்றையும் வா வா என்று இழுக்கும். எல்லாம் கைகோத்து ஓட்டையை அடைக்க, அதன்மேல் நூல் வலை படிந்து கட்டியாகும். இந்தச் சேர்மானம் காயத்தில்தான் நடக்க வேண்டும். ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கு, ரத்தம் எடுத்து வைக்கும் ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமலிருக்கப் போட்டிருக்கிற மருந்து பட்டதுமே பிளேட்லெட்டுகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும். உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது, கூத்தெல்லாம் குழாய்க்குள்தான். மெஷினுக்கு ஏது அறிவு? தனித்தனியாக வந்தால்தான் எண்ணும், கும்பலாக வந்தால் கணக்கில் விட்டுவிடும்.

நுண்ணோக்கியில் இப்போது கும்பல் கும்பலாக நின்றன. கொத்துக் கொத்தாக, ஓரம் முழுக்க.

"தம்பி, இங்க பாரு கூத்தை" என்று மெஷின்காரரைக் கூப்பிட்டாள். "யாரு இந்த மகராசனோ மகராசியோ? பிளேட்லெட்டெல்லாம் திருவிழாக் கூட்டம் மாதிரி நிக்குது, இதைப் போய்க் குறைவுன்னு சொல்லிருக்கு உன் மெஷின். பயந்து பாதி செத்திருப்பாங்க, பாவம். நீல மூடிக் குழாய்ல மறுபடி எடுக்கச் சொல்லு. உடம்புல ஒண்ணுமே இல்ல, போய் நிம்மதியா இருன்னு சொல்லிடு."

மெஷின்காரர் எண்ணைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார். எப்போதும் வாய் மூடாத மனுஷன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?"

"அக்கா" என்றார். "இது நீங்க."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "விளையாடாதே" என்றாள். அவர் விளையாடவில்லை. டாக்டரம்மா வந்து பார்த்தார். நீல மூடிக் குழாயை எடுத்துத் தானே அவள் கையில் ஊசி போட்டார். அந்தக் குழாயில் வேறு மருந்து. மெஷின் சத்தமே போடாமல், ஆரோக்கியமான யாருக்கும் இருக்கிற எண்ணிக்கையைக் காட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தது.

"ஒவ்வொரு வருஷமும் என் கையாலதான்க்கா வெச்சேன்" என்று மெஷின்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ஸ்லைடு போட்டிருந்தா..." அவரை மட்டும் சொல்லி என்ன? எத்தனை பேருடைய குழாயைத் திருப்பி அனுப்பியவள் அவள், எத்தனை பேரிடம் ஒன்றுமில்லை போ என்றவள். தன் ரத்தத்தில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்துப் பார்க்க அவளுக்கே தோன்றவில்லையே. அவளும்தான் அதைப் பழைய கேஸ் என்று தள்ளிவைத்திருந்தாள். கை தானாகப் போய் வயிற்றுத் தழும்பைத் தொட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று மண்டைக்குத் தெரிந்தது, கை மட்டும் தழும்பை விட்டு வரவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா சமையலறை மேசையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கூடக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா கத்தியை நிறுத்தவில்லை.

"எவளோ புதுசா வந்தவ உளறுறா. நீ அதை நம்பிட்டு வர்றியா?"

"யாரும் உளறலம்மா. என் கண்ணால பாத்தேன். எனக்கு எந்தக் காலத்துலயும் ஒண்ணும் இருந்ததில்ல."

"அப்போ வயித்தைக் கிழிச்சாங்களே, அது?"

"சும்மா கிழிச்சாங்க."

அம்மாவின் கத்தி நின்றது. இவளுக்கு என்ன வந்ததோ, அந்தக் கத்தியைப் பிடுங்கினாள். அம்மா அலறிக்கொண்டு மணிக்கட்டைப் பற்ற, இழுபறியில் கட்டைவிரலில் கீறிக்கொண்டது. ரத்தம் எட்டிப் பார்ப்பதற்குள் முந்தானை வந்து மூடிவிட்டது. அம்மா இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். வயசான கைதான், ஆனால் அந்தப் பிடிக்கு மட்டும் வயசாகவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து, "கையை எடும்மா" என்றாள்.

"எடுத்தா கொட்டும்."

"எடுத்துப் பாரும்மா. இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது எடுத்துப் பாத்திருக்கியா?"

அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாக விலக்கி, முந்தானையை எடுத்தாள். கட்டைவிரலில் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு. அதன்மேல் பொருக்குக் கட்ட ஆரம்பித்திருந்தது. ஒரு சொட்டு கூட வரவில்லை. அம்மா குனிந்து பார்த்தாள், விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எப்பவுமே இப்படித்தான் நின்னிருக்குமா?"

"ஆமாம்மா."

அம்மாவின் வாய் கோணியது. "நான் அந்த மருந்துக்கடைக்காரன்கிட்ட போய்ச் சொன்னேனே" என்றாள்.

"என்ன சொன்னே?"

"கால்ல விழாத குறையாச் சொன்னேன்டி. கட்டிக்காதே, என் பொண்ணு பிரசவத்துல செத்துப்போயிடுவா, அந்தப் பாவம் உனக்கு வேண்டாம், அந்தப் பக்கமே போகாதேன்னு. அந்தப் பையன் அழுதான்."

மத்தியானம் வந்த அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அவர் அழுதார் என்பது அவளுக்குத் தெரியாது. அவராகத்தான் போனார் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தாள். திட்டலாம் என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு முகமே செத்துப்போயிருந்தது. மகளின் கட்டைவிரலை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவள் மெதுவாக விரலை உருவிக்கொண்டாள். மேசையில் பாதி வெள்ளரிக்காய் கிடந்தது. கத்தியை எடுத்தாள். பிடிக்கத் தெரியவில்லை. துண்டுகள் ஒன்று தடிமனாகவும் ஒன்று காகிதமாகவும் விழுந்தன. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். தடுக்கவில்லை.