மறுமொழிக்குப் பொறுத்திருந்த மிஸி

“...அதெல்லாம் சரி அண்ணை, அவரிட்டயும் ஒருக்காக் கேட்டனீங்களோ?” என்றார் வார்டில் நின்ற அந்தத் தாதி மிஸி.

கட்டிலில் கிடந்த என் மச்சானைத்தான் சொன்னார். திருகோணமலைத் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கிரேன் கொளுக்கி தலையில் அடித்து, மூன்று மாதமாக ஆஸ்பத்திரியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தான். இனி எங்கள் ஊர் சாம்பல்தீவுக்குக் கொண்டுபோய்க் கடைசிப் பாலைப் பருக்கி அனுப்புவோம் என்று சொல்லத்தான் நான் போயிருந்தேன்.

மிஸியின் பேர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கட்டையான மனுசி. ஆட்களைப் புரட்டிப் புரட்டியே ஒரு தோள் சரிந்திருந்தது. படுக்கைப்புண் வராமல் அவனைப் பக்கம் மாற்ற வரும்போதெல்லாம், “தம்பி, இடப்பக்கம் திருப்பட்டோ?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்பார். அவன் இமை ஒருதரம் மூடித் திறந்த பிறகுதான் கை வைப்பார். அது தற்செயல் என்றே நாங்கள் நினைத்தோம்.

“மிஸி, சுவரோட கதைச்சாலும் எதிரொலி வரும். இவனுக்கு ஒண்டும் விளங்காது” என்றேன்.

“வந்து ‘எப்பிடியடா’ எண்டு கேட்டுப்போட்டு மறுமொழிக்கு நிக்காமப் போறது நீங்கள். விளங்காதது அவருக்கோ?”



அவர் குனிந்து, “தம்பி, மச்சான் உங்களை வீட்ட கொண்டுபோகப் போறாராம். இஞ்ச இருந்து இன்னும் கொஞ்ச நாள் பாப்பமெண்டா என்ர விரலை அமத்துங்கோ” என்று, சுட்டுவிரலை அவன் உள்ளங்கையில் வைத்தார். பிறகு காலால் ஒரு கதிரையை இழுத்து, அவசரமேயில்லாமல் அவன் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.