தோள் அளவு

தையல்காரிக்கு வயிறு எரிந்தால் அது கத்தரிக்கோலில் தெரிந்துவிடும். பள்ளிச் சீருடை தைக்கிற கடையில் துணி வெட்டுவது அவள் வேலை. அன்று காலை அவள் வெட்டிய வேகத்தைப் பார்த்து, எதிரே சட்டைப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைக் கீழே வைத்தாள். கடையில் அவளுக்குப் பெயரே காஜாக்காதான்.

"யாரை வெட்டறே?"

"துணியை."

"துணி என்ன பண்ணுச்சு, பாவம்?"

அவள் அடுத்த துணியை இழுத்து விரித்தாள். காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். விஷயம் இதுதான்: தான் கடையில் இருக்கும் நேரத்தில், வீட்டில் தன் கைக்குழந்தைக்கு வேறொருத்தி பால் கொடுக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம்.

பள்ளி திறக்கப்போகிற சமயம். லீவு என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். உடம்பு தேறியதும் தேறாததுமாக வேலைக்கு வந்தவள், துணி போட்டுப் பார்க்கிற அறையில் திரையை இழுத்துவிட்டு மார்பில் பால் எடுக்கிற பம்பை வைத்துக்கொண்டு உட்காருவாள். மூன்று பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே கறந்துகொண்டிருப்பாள். வெளியிலிருந்து யாராவது, "உள்ள யாருங்க? பையனுக்கு டிரவுசர் போட்டுப் பாக்கணும்" என்று குரல் கொடுத்தால் போச்சு, வந்துகொண்டிருந்த பாலும் நின்றுவிடும்.

பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது கணவன். அவனுக்கு அச்சகத்தில் மாலை ஷிப்ட். இவள் உள்ளே வரவும் அவன் வெளியே போகவும் சரியாக இருக்கும். முதல் வாரம் பாப்பா பாட்டிலைத் தொடவே இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கம்மிப்போய், அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் மார்பில் பாய்வாள். பார்க்கப் பாவமாக இருந்தது. பொய் சொல்வானேன், உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. "என் பிள்ளை என்னைத் தவிர யார்கிட்டயும் வாய் வைக்காது" என்று காஜாக்காவிடம் பீற்றிக்கொண்டாள்.

அந்தப் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. மறுவாரம் பாட்டில்கள் காலியாகிக் கிடந்தன. பாப்பா நிம்மதியாகத் தூங்கினாள்.

"எப்படிங்க குடிச்சா?"

"குடிச்சுட்டா" என்று கணவன் மென்று முழுங்கினான். கூடவே, "அந்த நைட்டியைப் போட்டுத் தினம் துவைக்காதே, துணி போயிடும்" என்றான். துணியைப் பற்றி அவளுக்கே பாடமா?

பால் கொடுக்க வசதியாக, இரண்டு பக்கமும் ஜிப்பை மறைத்து அவளே தைத்த பூப்போட்ட நைட்டி அது. அன்று சாயங்காலம் போடும்போதுதான் பார்த்தாள், தோள் தையல் பிரிந்திருந்தது. பழசாகி இற்ற கிழிசல் இல்லை. அகலமான தோள் ஒன்று உள்ளேயிருந்து நெட்டித் தள்ளிய கிழிசல். அவளுக்கா தெரியாது?

அந்த மாதிரித் தோள் அடுத்த தெருவில் இருந்தது. கணவனின் அக்கா, இவளுக்கு அண்ணி. இப்போதுதான் மூன்றாவது பிள்ளை பெற்றவள். வரும்போதெல்லாம், "எனக்கு ஊறுறதுக்கு இன்னொரு பிள்ளைக்கும் குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அவளுக்குத் துணி தைப்பதே இவள்தான், அளவெல்லாம் மனப்பாடம். கிழிசல் கச்சிதமாகப் பொருந்தியது. பாட்டில் காலியாகிறதே என்றால், வாஷ்பேசினுக்கும் வாய் இருக்கிறதே.

இதையெல்லாம் காஜாக்கா மதியத்துக்குள் அவள் வாயிலிருந்து பிடுங்கிவிட்டாள்.

"அண்ணிதானே? விஷத்தையா குடுத்துடும்? உனக்குப் பால் பத்தலைன்னு கவலையா, அதுக்கு இருக்கேன்னு கவலையா?"

"ரெண்டும்தான்" என்றாள் தையல்காரி. "அவ மடியில என் பிள்ளை கண்ணைச் சொக்கிக்கிட்டுக் கிடக்கும்ல, அதை நினைச்சாலே பத்திக்கிட்டு வருது."

சாப்பாட்டு இடைவேளையில் நேரே மருந்துக்கடைக்குப் போய் டின் பால் வாங்கினாள். பத்தாவிட்டால் இதையும் சேர்த்துக் கொடுக்கலாம், தப்பில்லை என்று ஆஸ்பத்திரி நர்ஸ் எப்போதோ சொல்லியிருந்தாள். அப்போது முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்றவள், இப்போது டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். டின்னுக்கு மடி கிடையாது. டின்னைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து சத்தம் வராமல் கதவைத் திறந்தாள். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. இடுக்கில் தெரிந்தது ஒரு தோள், அதன் மேல் அவளுடைய பூப்போட்ட நைட்டி.

"நல்லா இருக்கு அண்ணி" என்று கதவைத் தள்ளினாள்.

திரும்பிய முகத்தில் மீசை இருந்தது.

கணவன் எழவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் அசடு வழிந்தான். மடியில் பாப்பா பாட்டிலை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க கோலம் இது?"

"இதைப் போட்டாத்தான் குடிக்கறா. உன் வாசனை வேணுமாம். துவைச்ச அன்னைக்கு வாசனை போயிடுது, ஏமாறவே மாட்டேங்கறா."

"என்கிட்ட சொன்னா என்ன?"

"சொன்னா? நாளைக்கே உன் கடை பூரா தெரியும்."

அவள் டின்னைக் கீழே வைத்தாள். பாப்பாவைக் கையில் வாங்கினாள். புதுத்துணிக் கஞ்சி மணக்கிற அவள் உடுப்பை மோந்த பாப்பா முகத்தைச் சுளித்து, உடம்பை வளைத்து, மீசைக்காரன் பக்கம் திரும்பி அழுதாள். அண்ணியைப் பார்த்து எரிந்த வயிறு இப்போது கணவனைப் பார்த்து எரிந்தது. பெற்றவள் நான், வாசனை என்னுடையது, சுகம் மட்டும் இவனுக்கா? அவள் கண் கலங்கிவிட்டது.

"அவ என்னைத் தேடலடி. உன்னைத்தான் தேடறா" என்றான் கணவன்.

அவன் மடிக்கே திரும்பிப் போய்ப் பாட்டிலைத் தீர்த்த பிறகும் பாப்பாவின் அழுகை நிற்கவில்லை. அவள் டின்னைத் திறந்து, அதில் எழுதியிருந்தபடி கலக்கிக் கொடுத்தாள். பாப்பா நைட்டியில் மூக்கைப் புதைத்துக்கொண்டு அதையும் குடித்தாள். பால் யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

பாப்பா தூங்கியதும், "நேரா நில்லுங்க" என்று டேப்பை எடுத்தாள் தையல்காரி. ஊருக்கெல்லாம் அளவெடுத்தவள் கணவனுக்கு மட்டும் எடுத்ததில்லை. அவனுக்கு எப்போதும் ரெடிமேட் சட்டைதான். டேப்பை வைத்துப் பார்த்தால் அச்சு அசலாக அண்ணியின் தோள் அளவு. அக்காவும் தம்பியும் ஒரே வார்ப்பு.

"புதுசா ஒண்ணு தச்சுக் குடுத்துடேன்" என்றான்.

"புதுசுல நான் இருக்கமாட்டேனே."

பழைய நைட்டியையே தோளில் துண்டு கொடுத்து அகலமாக்கினாள். அன்று சாயங்காலம் போட்டுக்கொண்டபோது அது இரண்டு தோளிலிருந்தும் வழிந்து வழிந்து விழுந்தது. அவள் அதைக் கழற்றவில்லை. மறுநாள் பகலுக்கு வேண்டிய அம்மாவை அதில் சேர்க்க வேண்டியிருந்தது.