தூக்கி நின்ற தொட்டி

2003-ஆம் ஆண்டு. பெரம்பலூரில் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துக்கொண்டிருந்தேன். "பொண்ணுக்கு எதுக்கு இந்தப் படிப்பு?" என்று கேட்காத ஆள் எங்கள் ஊரான பாடாலூரில் இல்லை. மறுநாள் ஹைட்ராலிக்ஸ் தேர்வு. மூடிய குழாயில் அடைபட்ட ஆயில், தன்மேல் விழும் அழுத்தத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளும் என்று வாசலில் உட்கார்ந்து உருப்போட்டுக்கொண்டிருந்தேன். புரிந்ததா என்றால், இல்லை.

அப்பா, அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர் லாரி ஓட்டினார். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் வண்டி வீட்டுக்கு எதிரே நின்றது. கல் கொட்டத் தொட்டியைத் தூக்கும் ஜாக்கியின் ஹோஸ் குழாயில் ஆயில் கசிந்ததாம். காலித் தொட்டியைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்பேனரோடு அடியில் நுழைந்தார். தொட்டி இறங்காமல் தாங்க முட்டுக்கட்டை கொடுக்கவில்லை. கட்டை என்னவோ வண்டியில்தான் கிடந்தது. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு நம்பிக்கை. இன்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும், அப்புறம் ஆயிலுக்கு ஏது வேகம்?

புத்தகத்தில் இருந்த படத்தையும் எதிரே நின்ற வண்டியையும் மாறி மாறிப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அத்தனை பெரிய தொட்டியைத் தாங்கி நிற்பது இன்ஜின் இல்லை, ஜாக்கிக்குள் அடைபட்ட ஆயில்தான். அது வெளியேற வழிவிடும் நட்டைத்தான் அப்பா கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, வெளிய வாங்க. ஆயில் பீச்சிடும், தொட்டி எறங்கிடும்!"

"வண்டிதான் ஆஃப்ல இருக்கேம்மா. போயி படி."

"வாங்கப்பா!"

"எனக்கே டிப்பர் பாடமா?" என்று சிரித்தார். ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது.

அவர் பிடிவாதம் ஊரறிந்தது. விதி விளக்கமெல்லாம் எடுபடாது. "அம்மா மயங்கி வுழுந்துட்டாங்க!" என்று அலறினேன்.

அடித்துப்பிடித்துத் தவழ்ந்து வெளியே வந்தார். வாசலில் அம்மா கையில் முறத்தோடு குத்துக்கல்லாட்டம் நின்றுகொண்டிருந்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம், என்மேல் கையை ஓங்கிவிட்டார். அந்தக் கை இறங்குவதற்குள், பாதி கழன்றிருந்த நட்டு பிய்த்துக்கொண்டது. ஆயில் எங்கள் சுவர் வரை பீச்சியடிக்க, தொட்டி படாரென்று வண்டியின் சேசிஸ் சட்டத்தின் மேல், அப்பா நுழைந்திருந்த இடத்தில் வந்து விழுந்தது. தெருவே ஓடி வந்துவிட்டது.

அம்மா முறத்தைப் போட்டுவிட்டு அழுதார். அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பாடத்த எனக்கும் ஒருதரம் சொல்லும்மா" என்றார். அழுதுகொண்டே சொன்னேன்.

மறுநாள் தேர்வில் அந்தக் கேள்வி வரவில்லை. மார்க்கும் சுமார்தான். இப்போதும் யாராவது, "பொண்ணுக்கு மெக்கானிக்கலா?" என்று இழுத்தால் நான் வாயே திறப்பதில்லை. அப்பா முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். சொல்வதற்கு அவர் இருக்கிறாரே, எனக்கு அது போதும்.