தாய் வழியில் யாருக்காவது இருந்ததா?

“அம்மான்ரை பக்கத்திலை ஆருக்கும் இந்த வருத்தம் இருந்ததோ?” என்று யாழ்ப்பாணத்து டொக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“ஒருத்தருக்கும் இல்லை, டொக்டர்.”

மார்பில் புற்றுக்கட்டி எனக்கு. கிளினிக்கில் பதில் சொல்வது மட்டும் அக்கா. குடும்பத்தில் ஓடுகிற நோயென்றால் மரபணுச் சோதனை செய்ய வேண்டும், மற்ற மார்பையும் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், மருந்தும் மாறலாம் என்றார் டொக்டர். இல்லையென்றபடியால் ஒன்றை மட்டும் எடுப்பதாக முடிவானது.

கிளிநொச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்காவின் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

“சின்னம்மாவுக்கும் உதுதான். ஒருத்தருக்கும் காட்டாமல் வைச்சிருந்து முத்தவிட்டிட்டா.”

அம்மாவின் தங்கை காய்ச்சலில் இறந்ததாகத்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். வீட்டில் கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் இருந்தால் புற்றுநோயெல்லாம் காய்ச்சலாகிவிடும். அக்காவின் மகளுக்கு வவுனியாவில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ரை உயிரைவிட உனக்குச் சம்பந்தம் பெரிசோ?” என்று பஸ் நிலையத்திலேயே சத்தம் போட்டேன். பிறகு திரும்பிப் போய், உள்ளதைச் சொல்லி, சோதனைக்கு இரத்தமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

முடிவு வரும்வரை இருப்புக்கொள்ளவில்லை. அக்கராயன் வயலில் வெட்டிய நெல்லை முற்றத்தில் காயப் போட்டிருந்தோம். மழை இருட்டிக்கொண்டு வந்தபோதும் அள்ள மனம் வரவில்லை. போன் அடித்தால் ஓடிப்போய் எடுத்தேன். குளிக்கும்போது நல்ல மார்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அதை நம்பவும் பயமாக இருந்தது.

மரபணுவில் பிழை இருந்தது. இரண்டையும் எடுப்பது நல்லது என்று டொக்டர் சொன்னதும் தலையாட்டிவிட்டேன். பிறகு அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கோ.”

“மகளின்ரை கலியாணம் முடியட்டும், டொக்டர்.”

வெளியே வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“சின்னம்மாவும் உப்பிடித்தானே மறைச்சவா? அது ஆரின்ரை கலியாணம் முடியட்டும் எண்டு?”

அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ரை.”

சொல்லிவிட்டு, அவளே போய் டொக்டரின் அறைக் கதவைத் தட்டினாள்.