ரோட்டுக்கு அந்தப் பக்கம் பந்துகளி

கேரளத்தின் தென்கோடியில், உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகும் பெரிய ரோட்டின் கிழக்கே எங்கள் கேபிள் டி.வி., மேற்கே என் அண்ணனின் கேபிள். தொண்ணூறுகளின் நடுவில் இரண்டையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் தொடங்கினார்கள். என் கணவரும் அண்ணனும் ஒரே கிறிஸ்தவச் சபைக்காரர்கள். ஆரம்பத்தில் ஒரே ஏணியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு தென்னைக்குத் தென்னை வயர் இழுத்தார்கள். பகை பந்துகளியால் வந்தது.

இரண்டு விளையாட்டுச் சேனல்கள் கால்பந்து உரிமைக்காக எங்கோ தொலைவில் அடித்துக்கொண்டிருந்தன. லீக் ஆட்டங்கள் ஒன்றுக்குக் கிடைத்தால் கோப்பை ஆட்டங்களை மற்றது பிடித்தது. பிறகு இரண்டுமே படத்தைப் பூட்டின. பூட்டைத் திறக்க டிகோடர் பெட்டி வேண்டும். இரண்டு சேனலின் டிகோடரையும் வைத்திருக்க எங்களுக்கும் வசதியில்லை, அண்ணனுக்கும் வசதியில்லை. நாங்கள் ஒன்றை எடுத்தோம், அண்ணன் மற்றதை எடுத்தார். அன்றிலிருந்து ஆலயத்தில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். நான் பெண்கள் பகுதியிலிருந்து இரண்டு முதுகுகளையும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

போனை எடுப்பது என் வேலை. "சேச்சி, களி எவிட?" என்று, ஆட்டம் எந்தக் கேபிளில் என்று கேட்பார்கள். இன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம்தான் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் திட்டு, சொன்னால் அடுத்த நாள் வயரைக் கழற்றிக்கொண்டு அண்ணனிடம் போய்விடுவார்கள். உரிமை கை மாறும்போது அங்கிருந்து சிலர் இங்கே வருவார்கள். பின்பக்கச் சந்தில் இருந்த ஒருவர், ஒரு காலத்தில் போலீஸ் டீமின் கோல்கீப்பர், இரண்டு கேபிளையும் எடுத்து வைத்திருந்தார். ஆட்டத்துக்கு ஆட்டம் டி.வி.யின் பின்னால் குனிந்து ஒன்றைப் பிடுங்கி மற்றதைச் செருகுவார்.

"நான் போஸ்டுல நிக்கும்ப பந்து ஒரு பக்கத்துல இருந்துதான் வரும், மக்கா. இப்ப எங்க இருந்து வரும்னே தெரியல்ல" என்றார் என்னிடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேரள டீம் ஒன்று அரையிறுதி ஆடியது. எங்கள் சேனலில்தான் வரும் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் எங்கள் சேனலில் யாரோ இரண்டு பேர் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் உரிமை கை மாறிவிட்டதாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

முற்றத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கணவர் கொதிக்கிற மொட்டைமாடியில் நின்று டிஷ்ஷை அங்கும் இங்குமாகத் திருப்பினார். வராது என்று அவருக்கும் தெரியும்.

"இறங்கி வாங்க. டிஷ்ஷுக்க குற்றமில்ல."

"உனக்க அண்ணனுக்க வாசல்ல போயி நிக்கச் சொல்லுதியா?"

"நீங்க நிக்காண்டாம். நான் போயிட்டு வாறேன்."

அண்ணன் டி.வி.க்கு முன்னால் இருந்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, "எனக்க லைன்ல இருந்து தந்தது அறிஞ்சா சேனல் ஏஜென்டு பெட்டிய எடுத்திட்டுப் போயிருவான், கேட்டியா" என்றார்.

"தெரியும் அண்ணா. முற்றம் நிறைய ஆளுண்டு. எனக்கு இனி ஒருத்தர்கிட்டயும் பதில் சொல்ல ஏலாது."

அண்ணன் எழுந்தார். பிறகு வயர்ச் சுருளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்தப் பக்கத் தென்னையில் அண்ணன் ஏறினார். இந்தப் பக்கப் பிலா மரத்தில் என் கணவர். ரோட்டில் பஸ்சும் லாரியும் நின்று ஹார்ன் அடிக்க, இருவரும் ரோட்டுக்குக் குறுக்கே வயரைக் கட்டினார்கள். இரண்டாம் பாதி எங்கள் பக்கத்து வீடுகளிலும் தெரிந்தது. கேரள டீம் தோற்றது. வந்தவர்கள் அதற்கும் எங்களையே திட்டிக்கொண்டு போனார்கள்.

யார் சொன்னார்களோ, சில நாளில் ஏஜென்ட் வந்து அண்ணனின் டிகோடரை எடுத்துப் போய்விட்டார். அன்று சாயங்காலம் என் கணவர் எங்கள் டிகோடரைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். நானும் பின்னால் போனேன்.

"இத வச்சுக்கோ, அளியா" என்று மைத்துனரிடம் நீட்டினார்.

"எதுக்காக்கும்? பில்லியர்ட்ஸ் பாக்கவா?" என்றார் அண்ணன். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. கணவர் டிகோடரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் உள்ளே போய் மூவருக்கும் பாலில்லாமல் கட்டன் சாயா போட்டேன்.

அடுத்த பருவத்தில் உரிமை மூன்றாவது ஒரு சேனலுக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு பெரிய கேபிள்காரர் எல்லா டிகோடரோடும் வந்தார். இருவரும் தங்கள் லைனை அவரிடமே விற்றார்கள். அண்ணன் அம்பூரியிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றும் ஜீப்பை ஓட்டப் போனார். என் கணவர் புதிய முதலாளிக்கு வயர் இழுத்தார், அதே தென்னைகளில். சில ஞாயிறுகளில் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வருவார். ஆட்டம் இருக்கும் என்று மூவருக்கும் தெரியும். யாரும் எழுந்து டி.வி.யைப் போடுவதில்லை.