கிண்ணத்தின் இடது பாதி

வேலையிடத்தில் அவரை எல்லோரும் 'உச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய கட்டடங்கள் எழும்பும் இடத்தில் நிற்கும் கோபுரக் கிரேனின் தலையில், ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். கீழே நிற்பவர்களுக்கு அவர் ஒரு மஞ்சள் தொப்பி, அவ்வளவுதான். பேச்சு குறைவு. கேட்டால், "மேல யார்கூட பேசறது, பழகிப்போச்சு" என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, வருடாந்திர உடல் பரிசோதனையில் கொழுப்பும் ரத்த அழுத்தமும் எக்கச்சக்கமாக வந்தன. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் மேலே ஏற அனுமதி கிடையாது என்று மருத்துவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்ததும் உச்சி சட்டையைக்கூட மாற்றாமல் மனைவியிடம் சொன்னார்:

"நாளையிலேர்ந்து காலைச் சாப்பாடு என் பொறுப்பு."

அதுவரை தண்ணீர் குடிக்க மட்டுமே சமையலறைக்குள் வந்துபோன மனிதர் அவர். மனைவி சிரித்துவிட்டாள். அவள் ஒரு துணிக்கடையில் உடுப்புகளை அளவு குறைத்து, கூட்டித் தைத்துக் கொடுப்பவள். இவர் வேகம் எத்தனை நாளைக்கு என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஒரு வாரம் தாங்கினால் பெரிது.

ஆனால் அவர் விடவில்லை. முதல் நாள் இரவே பாதாமையும் அக்ரூட்டையும் தண்ணீரில் ஊறப் போட்டுவிடுவார். ஐந்தேகாலுக்கு எழுந்து பாதாமின் தோலை ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுப்பார். பாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. அது பொங்கி வரும்போது ஓட்ஸ். சர்க்கரை கிடையாது, கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் நாலு. ஆப்பிளைப் பொடியாக நறுக்கி, ஓட்ஸோடு சேர்த்தே வேக விடுவார். கொஞ்சம் பட்டைத்தூள். அடுப்பை அணைத்த பிறகு மேலே வாழைப்பழ வில்லைகள், மாதுளை முத்து, நறுக்கிய பாதாம். பாதாமைத் தூவ மாட்டார், வைப்பார். நூறடி உயரத்திலிருந்து ஒரு தூணைக் குறித்த இடத்தில் இறக்கி வைக்கிற அதே நிதானம். கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ஒன்று விடாமல் வட்டமாக நிற்கும்.

மூன்று கிண்ணம். அவருக்கு, மனைவிக்கு, மனைவியின் தம்பிக்கு. தம்பி கல்யாணம் ஆகாதவன், அக்கா வீட்டிலேயே இருந்தான். அதே கட்டட வேலையில் கிரேனுக்குச் சைகை காட்டுகிற ஆள். பாரத்தைக் கட்டி, கையைக் காட்டி, வாக்கி-டாக்கியில் பேசி மேலே அனுப்புவது அவன் வேலை. "மாமா என் தலைக்கு மேல இருக்கார். வீட்டுலயும் அப்படித்தான், அங்கயும் அப்படித்தான்" என்று சொல்லிச் சிரிப்பான்.

ஒரு திங்கட்கிழமை காலை மனைவி மேசையைத் துடைக்க வந்தபோது அவர் கை கழுவி எழுந்துவிட்டிருந்தார். கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது. ஏனோதானோ என்று மிச்சம் வைத்தது போல இல்லை. நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. வலது பக்கம் வழித்துத் துடைத்த வெறுமை. இடது பக்கம் வாழைப்பழமும் மாதுளையும் பாதாமும் கை படாமல் இருந்தன.

"என்னங்க, பிடிக்கலையா?"

"ஏன், சாப்பிட்டேனே."

"பாதி இருக்கே."

அவர் திரும்பி வந்து பார்த்தார். அவள் கிண்ணத்தைக் கையில் எடுத்திருந்ததில் அது திரும்பியிருந்தது. "அட, ஆமா" என்று நின்றபடியே மிச்சத்தையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். அவளும் அதை அத்தோடு விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை, அடுப்பின் இடது பக்கம் வைத்த பால் பொங்கி வழிந்து, தீய்ந்த நாற்றம் படுக்கையறை வரை வந்தது. ஓடி வந்து பார்த்தாள். அவர் அடுப்புக்கு எதிரிலேயே நின்று ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தார். "ஏதோ கருகுது பாரு" என்றார், ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் என்பது போல. பலகையில் நறுக்கிய ஆப்பிளுக்கு இடப்புறம் முழுசாகப் பாதி ஆப்பிள் கிடந்தது. கிளம்பும்போது கதவு நிலையில் இடது தோள் இடித்தது. முகச்சவரம் செய்திருந்த கன்னத்தில், இடது காதோரம் மட்டும் நரைமுடி அப்படியே இருந்தது.

"தூக்கம் சரியில்லையா உங்களுக்கு?"

"நல்லாத்தான் தூங்கறேன். நீ ஏன் என்னையே பாத்துட்டிருக்க?"

ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் தம்பி வந்தான். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அக்காவிடம் குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"அக்கா, மாமாவுக்கும் உனக்கும் ஏதாவது சண்டையா?"

"இல்லையே, ஏன்?"

"இன்னைக்கு ஒரு கம்பிக் கட்டு. நிறுத்துங்கன்னு கை காட்டறேன், அது பாட்டுக்கு வருது. வாக்கியில கத்தினப்புறம்தான் நின்னுச்சு. ஆடுன ஆட்டத்துல ஒரு தடுப்பு சரிஞ்சு போச்சு. காத்துன்னு சொல்லிட்டார். இலை அசையல அக்கா."

"நீ எந்தப் பக்கம் நின்ன?"

"எப்பவும் நிக்கிற இடம்தான். அவருக்கு இடது கைப்பக்கம்."

அவள் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. தம்பியும் வெளியே சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே மாமாவைக் கீழே இறக்கிவிடுவார்கள். வயது ஐம்பத்தி நாலு. இறக்கினால் திரும்ப ஏற்ற மாட்டார்கள்.

வியாழக்கிழமை தம்பி வழக்கம்போல ஆறு மணிக்கே கிளம்பிப் போய்விட்டான். அவள் கணவனுக்கு முன்பே எழுந்து, "இன்னைக்கு நான் போட்டுத் தரேன், நீங்க உக்காருங்க" என்றாள். ஓட்ஸைக் கிண்ணத்தில் ஊற்றி, பாதாம் முழுவதையும் இடது பக்கமே வைத்தாள். இருபது பாதாம். வெள்ளைவெளேரென்று, குருடனுக்கும் தெரிகிற மாதிரி. வலது பக்கம் ஒன்றுகூட வைக்கவில்லை. அவர் முன்னால் கிண்ணத்தை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

அவர் நாலு கரண்டி சாப்பிட்டார். பிறகு நிமிர்ந்தார்.

"பாதாம் தீர்ந்துபோச்சா?"

அவள் கையை நீட்டி, கிண்ணத்தை மெதுவாக அரைவட்டம் திருப்பினாள். அவர் கண் முன்னால் இருபது பாதாமும் வந்து நின்றன. அவர் அதையே பார்த்தார்.

"என்ன வித்தை காட்டற?"

"அங்கேயேதான் இருந்துச்சுங்க. உங்களுக்கு இடது பக்கம் தெரியல. நாலு நாளா தெரியல. இன்னைக்கு ஏறாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. நாள்காட்டியில இருக்கற பொடி எழுத்தைப் படிக்கட்டுமா?" படித்தும் காட்டினார், தப்பில்லாமல். அவள் கையைப் பிடித்தாள். அவருக்குக் கோபம் வந்தது. வருடக்கணக்கில் வராத கோபம். "என் பொழப்புல மண்ணள்ளிப் போடாத" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மாடிப்படியின் இடது சுவரை உரசிக்கொண்டே அவர் போகும் சத்தம் கேட்டது.

தம்பிக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. பாரம் தூக்கும் இடத்தில் போன் வைத்திருக்கக் கூடாது, பெட்டியில் பூட்டிவிடுவார்கள். அவள் கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, ஒரு வாடகை வண்டி பிடித்தாள். வாசல் காவலாளி அவளை அறிந்தவர்.

"அவர் மேல ஏறிட்டாரா?"

"இப்பத்தாம்மா ஏறினார். என்ன விஷயம்?"

அவள் அண்ணாந்து பார்த்தாள். கிரேனின் நீண்ட கை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் நிழல் தரையில் வேலை செய்பவர்கள் மேல் ஒவ்வொருவராக விழுந்து நகர்ந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காவலாளி வாக்கியில் கூப்பிட, தம்பி ஓடி வந்தான். அவள் நாலு வாக்கியத்தில் சொன்னாள். அவன் திரும்பிப் போய், முதல் பாரமாகக் கட்டி வைத்திருந்த காங்கிரீட் தொட்டியின் கொக்கியைக் கழற்றினான். மேற்பார்வையாளர் கத்துவதைக் காதில் வாங்காமல், எப்போதும் நிற்கும் இடத்தில் போய் நின்று வாக்கியை அழுத்தினான்.

"மாமா, கொக்கி காலி. மேல தூக்கிக்குங்க. தூக்கிட்டு, நான் எத்தனை விரல் காட்டறேன்னு சொல்லுங்க."

"விளையாடற நேரமாடா இது? எங்க நிக்கிற நீ?"

"அதே இடம்தான் மாமா."

வாக்கியில் வெறும் இரைச்சல். பிறகு, "இல்லையே" என்றார்.

தம்பி மாமாவுக்கு வலது பக்கமாகப் பத்தடி நடந்தான்.

"இப்பத் தெரியுது. மூணு விரல்."

அவன் மறுபடி இடது பக்கம் நடந்தான்.

"போயிட்ட" என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, வேறு யாருடைய குரலோ போல, "மாப்ள, எங்க போன?" என்றார்.

"இங்கதான் இருக்கேன் மாமா. எந்த லிவரையும் தொடாதீங்க. நான் மேல வரேன்."

ஏறுவது இத்தனை நாளும் பழக்கத்தில் நடந்துவிட்டது. இறங்குவதுதான் இப்போது பயம். நாற்பது மீட்டர், செங்குத்தான இரும்பு ஏணி, அங்கங்கே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குத் தட்டு. இடது பக்கம் தெரியவில்லை என்று தெரிந்துவிட்ட பிறகு அவர் இடது காலை நம்பவில்லை. தம்பி அவருக்குக் கீழே நின்றுகொண்டு, ஒவ்வொரு படிக்கும் அவருடைய இடது பூட்ஸைப் பிடித்துப் படியில் வைத்தான். "இடது கை. பிடிச்சாச்சா? இப்ப வலது கால்." இரண்டாவது தட்டுக்கு மேலே அவருடைய இடது கை பிடியை விட்டுவிட்டது. விட்டது அவருக்கே தெரியவில்லை. ஏணியோடு மாட்டியிருந்த இடுப்பு வார்தான் தாங்கியது. கீழே அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வாய் திறக்கவில்லை. சத்தம் போட்டால் அவர் திரும்பிப் பார்ப்பாரோ என்ற பயம்.

தரைக்கு வர முக்கால் மணி நேரம் ஆனது.

கண்ணில் கோளாறே இல்லை என்றார் ஆஸ்பத்திரி மருத்துவர். மூளையின் வலது பக்கம், பின்னால், ஒரு ரத்தக்கட்டு. இடது பக்கத்து உலகத்தை அந்த இடம்தான் பார்க்கிறதாம், இடது கை காலையும் அதுதான் உணர்கிறதாம். அது போனால், போனது என்றே ஆளுக்குத் தெரியாதாம். "திங்கட்கிழமையே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று தொடங்கியவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பாதி திரும்பி வரவில்லை. உரிமத்தை அவரே கொண்டுபோய் ஒப்படைத்தார். தலையை இடது பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கப் பயிற்சி கொடுத்தார்கள். நடக்க, படியேற, ஓட்ஸ் கிண்டக்கூட அது போதும். தெருவைக் கடக்கப் போதாது.

ஒரு நாள் மத்தியானம் அவர் மைத்துனனைக் கேட்டார்.

"அந்தக் கம்பிக் கட்டு ஆடுன அன்னைக்கு, உனக்கு எவ்வளவு பக்கத்துல வந்துச்சு?"

"தள்ளித்தான் மாமா போச்சு."

"அன்னைக்கு ஒரு தடவைதானா?"

தம்பி தட்டைக் கழுவப் போய்விட்டான். அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பி அவனைத் தேடினார். கண்டுபிடித்ததும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த மாதம் தம்பி சைகை வேலையை விட்டுவிட்டு, சரக்குக் கிடங்கு ஒன்றில் சேர்ந்தான். ஏனென்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

இன்னொரு ரத்தக்கட்டு எப்போது வேண்டுமானாலும் வரலாம், ஒரு கை தானாகத் தாழ்ந்தால் அதுதான் அறிகுறி என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதனால் தினமும் காலையில் மனைவி அவரை எதிரில் நிற்க வைத்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் நீட்டச் சொல்கிறாள். "ஸ்கூல் பையன் மாதிரி நிக்க வைக்கிற" என்று அவர் சிரித்துக்கொண்டே நீட்டுவார். இரண்டு கையும் ஒரே உயரத்தில் நிற்கும். நேற்று இடது கை ஒரு விரற்கடை கீழே இருந்தது போல அவளுக்குத் தோன்றியது. "இன்னொரு தடவை நீட்டுங்க" என்றாள். நீட்டினார். சரியாக இருந்தது.

"என்ன?" என்றார், கண்ணைத் திறக்காமலே.

"ஒண்ணுமில்ல. இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள்.