ஒட்டடையும் தண்ணிக் கண்ணாடியும்

ஒட்டடை போய்ச் சேர்ந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. இன்றைக்கும் நான் அடிக்கிற ஜோக்குகளில் பாதி அவனுடையது. செத்தவன் வந்து கேட்கப் போவதில்லை என்ற தைரியம்தான்.

ஆள் ஆறடிக்கு மேல் இரண்டு விரல். அகலம் என்று ஒன்று கிடையாது. எந்த அறைக்குள் போனாலும் மேலே இருக்கிற சிலந்தி வலை அவன் தலையோடு வந்துவிடும். அதனால் ஒட்டடை. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

ஒரு முடிதிருத்துகிறவரிடம் தனக்கு இடது காது கேட்காது என்று சொல்லி வைத்திருந்தான். அந்த ஆள் ஓயாமல் தன் மச்சான் சண்டையைச் சொல்வாராம். அடுத்த மாதம் போனபோது எந்தக் காது என்பது மறந்துபோய் வலது காதைக் காட்டிவிட்டான். அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்ப்பா, நோய் இடம் மாறிடுச்சா?" என்றாராம். இவன் கொஞ்சமும் அசராமல், "ஆமாண்ணே, உள்ளே வழி இருக்கில்ல" என்றிருக்கிறான். அப்படிப்பட்ட ஆள்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரு சலவைக் கம்பெனியில் பாய்லர் பார்த்தோம். ஓட்டல்கள், ஆஸ்பத்திரிகளிலிருந்து வண்டி வண்டியாகப் படுக்கை விரிப்பு வரும். துவைக்க, காயவைக்க, ரோலரில் போட்டுத் தேய்க்க எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். அந்த நீராவிக்கு விறகு எரித்தவர்கள் நாங்கள். பாய்லர் அறைக்கும் ரோலர் ஓடுகிற கூடத்துக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் பதினெட்டு பெண்கள் வேலை செய்தார்கள். அதில் ஒருத்தி ஒட்டடையின் சொந்த அக்கா. அம்மா அப்பா இல்லாத வீடு, அவள்தான் அவனை வளர்த்தாள்.

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் மற்றது புரியும். பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்க்க, முன்னால் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். பாதியில் தண்ணீர்க் கோடு தெரிந்தால் நிம்மதி. ஆனால் அந்தக் குழாய் முழுக்க நிறைந்திருந்தாலும் கோடு தெரியாது, முழுக்கக் காலியாக இருந்தாலும் கோடு தெரியாது. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. அதனால் வேலைக்கு வந்ததும் குழாயின் அடியில் இருக்கிற திருகைத் திறந்து, கொட்டுவது தண்ணீரா வெறும் நீராவியா என்று பார்க்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. எங்களுக்குள் பேசிக்கொண்டபடி அந்த வாரம் அடுப்பு ஒட்டடைக்கு, தண்ணீர் எனக்கு.

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கு உள்ளே நுழைகிறேன், ஒட்டடை விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிட்டான். எங்கள் முதலாளி வழுக்கையை மறைக்க டோப்பா வைத்தவர். ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் ஊருக்குத் தெரியும் என்பது தெரியாது.

"நேத்து மாடிப்படியில காத்து அடிச்சுது பாரு, டோப்பா அப்படியே ஒரு பக்கமா எந்திரிச்சு நின்னுது. அவரு கூட பேசிட்டிருந்த ஆளு பாவம், கண்ண எங்க வைக்கிறதுன்னு தெரியாம அவரு செருப்பையே பாத்துட்டு இருந்தான்."

சொன்னதோடு விடவில்லை. எழுந்து, அழுக்குத் துணியைத் தலையில் வைத்து, நடந்தே காட்டினான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்தபடியே கண்ணாடியைப் பார்த்தேன். கோடு இல்லை. நிறைய இருக்கிறதே என்று நினைத்தேன். திருகைத் திறக்கவில்லை. இருக்கிற தண்ணீர் போதும் என்று பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்த பம்பையும் நிறுத்தினேன்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஒட்டடை விறகு தள்ளிக்கொண்டிருந்தவன் நின்றான். மூக்கைச் சுருக்கினான்.

"பெயின்ட் கருகுற வாசன வரல?"

"உன் சட்டையா இருக்கும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நின்று நான் பார்த்ததே இல்லை.

"டேய், தண்ணி எப்போ திறந்து பாத்த?"

நான் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தேன். அவன் நேராகக் கண்ணாடியிடம் போய் அடித்திருகைத் திறந்தான். உஸ்ஸென்று ஒரு சத்தம். காய்ந்த சத்தம். ஒரு சொட்டு விழவில்லை.

எனக்குக் கை கால் ஓடவில்லை. ஓடிய ஒரே இடம் பம்பு. தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடு என்றுதானே எந்த மடையனுக்கும் தோன்றும். சுவிட்சில் என் விரல் படுவதற்குள் ஒட்டடை என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான்.

"தொடாத! காஞ்சு கெடக்குற தகட்டுல பச்சத் தண்ணி பட்டா நாம ரெண்டு பேரும் கூரையோட போவோம்."

அது எனக்கும் தெரியும். முதல் நாளே ஃபோர்மேன் சொல்லிக் கொடுத்தது. பயத்தில் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நீராவியைத் திடீரென்று திறந்து விடவும் கூடாது. செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. நெருப்பை மூட வேண்டும். அடுப்புக்குக் காற்று வருகிற கதவைச் சாத்தினோம். ஓரத்தில் குவித்திருந்த சாம்பலில் வாளித் தண்ணீரை ஊற்றிக் குழைத்து, மண்வெட்டி மண்வெட்டியாக விறகின் மேல் அள்ளிப் போட்டோம். புகை முகத்தில் அடித்தது. பிரஷர் முள் கீழே இறங்கவில்லை. உள்ளே எங்கோ டக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் நேரம் விட்டு மறுபடியும் டக். சூடான தகடு இழுபடுகிற சத்தம். அந்த டக் ஒவ்வொன்றுக்கும் என் உயிர் ஒரு படி இறங்கியது.

சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசிக்கொண்டு வேலை செய்வது நன்றாகக் கேட்டது. யாரோ யாருடைய மருமகளையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ போய் அவங்கள வெளிய கூட்டிட்டுப் போ" என்றான் ஒட்டடை.

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"பாய்லர்னு மட்டும் சொல்லிடாத. ஒரே வாசல், அதுலயும் தள்ளுவண்டி நிக்குது. மிதிச்சே செத்துருவாங்க."

நான் அசையாமல் நிற்பதைப் பார்த்தான். மண்வெட்டியை என் கையில் திணித்தான். "அப்போ நீ போடு. நான் போறேன்."

ஜன்னல் வழியாக அவன் போவதைப் பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டான். வாசலில் ஒரு நொடி நின்றான். உள்ளே போனதும் கேட்டது அவனுடைய வழக்கமான குரல்தான். கொஞ்சமும் பிசிறில்லை.

"யக்கா! எல்லாரும் சீக்கிரம் வாங்க! முதலாளி டோப்பா பறந்து போயி வேப்பமரத்துல தொங்குது! காக்கா ஒண்ணு அதுல உக்காந்து பாத்துட்டிருக்கு! அவரு கீழ நின்னு குச்சியால எடுத்துட்டிருக்காரு!"

பிறகு எழுந்த சிரிப்பு இருக்கிறதே, கூரைத் தகரமே அதிர்ந்தது. ரோலர்களை நிறுத்துகிற சத்தம் வரிசையாகக் கேட்டது. "நிஜமாவாடா?" "சத்தியமாவா?" "ஏய், தள்ளுடி, நானும் பாக்கணும்!" பதினெட்டு பேரும் இடித்துக்கொள்ளாமல், தள்ளுவண்டியைத் தாங்களே ஓரமாக நகர்த்திவிட்டு, சிரித்தபடி வெளியே போனார்கள்.

நானும் போனேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். கடைசி மூன்று நான்கு பேரை முந்திக்கொண்டு ஓடினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

எதிரே ஒட்டடை வந்தான். வெளியே போகவில்லை, உள்ளே திரும்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். விறகு நெருப்பு அடங்காது, மேலே மேலே சாம்பல் போட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். அது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

முற்றத்தின் கோடியில் பதினெட்டு பெண்களும் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆபீஸ் அறையிலிருந்து முதலாளி வெளியே வந்தார். தலையில் முடி அப்படியே இருந்தது. பெண்கள் மரத்தைப் பார்த்தார்கள், அவர் தலையைப் பார்த்தார்கள், மறுபடி மரத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"எல்லாரும் எதுக்கு இங்க நிக்கிறீங்க? மரத்துல என்ன?" என்றார் முதலாளி.

சிரிப்பில் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்கிற எல்லோருக்கும் நடுவில் அந்த டக் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டது.

அவனுடைய அக்கா சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"என் தம்பி எங்கடா?"

"உள்ள..."

"உள்ள என்ன பண்றான்? உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"தண்ணி இல்லக்கா. பாய்லர்ல தண்ணி இல்ல."

பாய்லர் பக்கத்திலேயே எட்டு வருடம் வேலை செய்தவள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கட்டிடத்தைப் பார்த்து நடந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து நாலடி இழுத்துக்கொண்டு போனாள். "விடுடா, விடுடா பாவி" என்றாள். நான் விடவில்லை. தைரியமாகச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கேட்டால் இருபது நிமிடம் என்றார்கள். பாய்லர் அறைக் கதவு திறந்தது. ஒட்டடை வெளியே வந்தான். தலை முதல் கால் வரை சாம்பல். கண் மட்டும்தான் தெரிந்தது. முதலாளியைப் பார்த்ததும் கையைக் கூப்பினான்.

"கெடச்சிடுச்சாங்க ஐயா? நல்லா ஒட்டி வச்சிட்டீங்களே, தெரியவே இல்ல."

மறுநாள் பாய்லரைத் திறந்து பார்த்த ஃபோர்மேன் எங்களை அழைத்துக் காட்டினார். அடுப்புக்கு மேலே இருக்கிற தகடு ஈரத்துணி போல் நடுவில் தொய்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் பாய்லர் சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருக்கும் என்றார்.

"நேத்து தண்ணி யாரு பாத்தது?"

நான் தொய்ந்த தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தாண்ணே" என்றான் ஒட்டடை. "கத சொல்லிட்டு இருந்ததுல விட்டுப்போச்சு." பிறகு என் பக்கம் திரும்பி, "இவன்தான் முதல்ல கவனிச்சான்" என்று ஒரு பொய்யையும் சேர்த்தான்.

அன்றைக்கே அவனை வேலையை விட்டு எடுத்தார்கள். தண்ணீருக்காகவா டோப்பாவுக்காகவா என்று முதலாளி கடைசிவரை தெளிவாகச் சொல்லவில்லை. எனக்கு வேலை நிலைத்தது. அவன் வேறு ஒரு இடத்தில் மூட்டை தைக்கிற மெஷினில் சேர்ந்தான். பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்வான். அவன் சொல்கிற கதையில் காக்காவுக்கு வசனம் உண்டு, முதலாளி மரம் ஏறுவார். யாரும் பயப்பட மாட்டார்கள். நான் உள்ளேயே இருப்பேன்.

மூன்று வருடம் கழித்து அவனுக்கு மஞ்சள் காமாலை. இருபத்தேழு வயது. ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கட்டிலுக்கு வெளியே அரை முழம் கால் நீட்டிக்கொண்டிருந்தது. "பாரு, என் நிறத்துக்கு மேட்ச்சா விரிப்பு போட்டிருக்காங்க, நம்ம கம்பெனி கறைதான் போலிருக்கு" என்றான். நான் சிரித்தேன். அவனுக்கு அதற்கே மூச்சு வாங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து, கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அன்னைக்கு நான் திரும்ப உள்ள போனேன்ல? எல்லாரும் பெரிய தைரியம்னு பேசுறாங்க. வெளிய வந்து நின்னா காலு ஆடுறத அக்கா பாத்துருவான்னுதான்டா போனேன். உள்ள யாரும் இல்ல பாரு. உக்காந்து அழுதுகிட்டே சாம்பல் போட்டேன்."

அந்த நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் ஜோக் இல்லாமல் பேசியது அவ்வளவுதான். நாலாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஒரு மாதம் போனது. எனக்குத் தூக்கம் வரவில்லை. பாய்லர் முன்னால் நிற்கும்போதெல்லாம் முதுகு சில்லிட்டது. அக்காவிடம் சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. சொன்னால் அவள் என்னை என்ன செய்வாளோ என்று அதைவிடப் பயம். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து, கூடத்தில் அவள் தனியாக விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"அக்கா, அன்னைக்குத் தண்ணி பாக்க வேண்டியது நான். அவன் இல்ல. வேலைய விட்டுப் போக வேண்டியதும் நான்தான்."

நிமிர்ந்து பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"யாரு பாத்தா என்னடா இப்போ" என்றாள். "மனுசன்னா மறக்கத்தான் செய்வான். அத விடு. அவன் திரும்ப உள்ள போனான்ல, நீ ஏன்டா கூடப் போகல?"

மூன்று வருடமாக நான் தயார் செய்து வைத்திருந்த பதில்கள் எல்லாம் வேறு கேள்விக்கு.

"பயந்துட்டேன்க்கா."

"அவன் பயப்படலையே."

சொல்லலாமா கூடாதா என்று ஒரு நொடி யோசித்தேன். தம்பியைப் பற்றி ஊர் பேசுகிற அந்தத் தைரியம்தான் அவளுக்கு மிச்சம் இருந்தது.

"பயந்தான்க்கா. அழுதுகிட்டேதான் சாம்பல் போட்டானாம். ஆஸ்பத்திரியில சொன்னான். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் உள்ள போயிட்டானாம்."

அவள் கையில் இருந்த விரிப்பு அப்படியே நின்றது. "லூசுப்பய" என்றாள். "என்கிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. சின்னதுல இருட்டுன்னா என் முந்தானைய விடாதவன்." அதற்குப் பிறகுதான் அழுதாள். தம்பி செத்த அன்றைக்குக் கூட அவள் அழுது நான் பார்க்கவில்லை.

அழுகை அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு விரிப்பின் மறுமுனையை என் பக்கம் எறிந்தாள்.

"பிடி. இழுத்துப் பிடி."

பிடித்தேன். மடித்தோம். அடுத்ததை எடுத்தாள். முப்பதோ நாற்பதோ மடித்திருப்போம். அவள் போதும் என்று சொல்லவில்லை. நானும் போகிறேன் என்று சொல்லவில்லை.